மறைந்தவரின் கை: மாயக் கதைகளில் பாத்திரமும் குறியீடும்

பாத்திரப் படைப்பைப் பற்றிப் பேசுங்கால் தமிழ்த்துறையினராகிய நாம் கண்ணகியிடமும் கும்பகருணனிடமும் செல்கின்றோம். குறியீடு பற்றிப் பேசுங்கால் புதுக்கவிதையை நாடுகின்றோம். மாணவர் தம் பாடநூலின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கும் மாயக் கதைகளையும் சாகச வீரர்களின் சித்திரக் கதைகளையும் இவ்விரண்டிற்கும் உரியனவாக நாம் கொள்வதில்லை. 'பொழுதுபோக்கு' என்னும் ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்கி விடுகின்றோம். ஆய்வுத் தலைப்பாக அவற்றைக் கொண்டுவரும் மாணவரிடம், வேறு நல்ல தலைப்பாகப் பார்த்து வருமாறு கூறித் திருப்பி அனுப்பும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை ஊன்றிப் படித்தல் முறையன்றோ?

மாயக் கதைகள் அனைத்தையும் ஒரு கட்டுரையில் அளந்துவிட இயலாது. ஆதலின் அவற்றுள் பயின்றுவரும் ஒரேயொரு கூற்றினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். மனிதன் ஒருவன் பிறர் கண்ணுக்குப் புலனாகாமல் மறைந்து நிற்கும் ஆற்றலைப் பெறுகின்றான் என்பதே அக்கூறு. கிரேக்கத் தத்துவ நூல் முதல் சிவகாசியில் அச்சான சித்திரக் கதை வரை இது தொடர்ந்து வருகின்றது. இவ்வகைக் கதைகளைப் படிப்போர் பெரும்பாலும் 'மறைந்தது எது?' என்றே நோக்குகின்றனர். 'மறையாமல் எஞ்சி நின்றது எது?' என நோக்கினால்தான் பாத்திரத்தின் இயல்பும் குறியீட்டின் பொருளும் ஒருங்கே விளங்கும் என்பது நம் கருத்து.

குறியீடு என்பதனை இங்கு நாம் கொள்ளும் முறையை முதற்கண் தெளிவுபடுத்தல் வேண்டும். 'இது இதனைக் குறிக்கும்' என ஒன்றுக்கு ஒன்றாகப் பட்டியலிடுவது குறியீட்டாய்வு ஆகாது. அது விடுகதைக்கு விடை கூறுவது போன்றது. தம் கதையில் வரும் மோதிரம் அணுகுண்டைக் குறிக்கின்றது என்று சிலர் பொருள் கூறியபோது, அத்தகைய உருவகக் கதையில் தமக்கு விருப்பமில்லை என்று டோல்கீன் மறுத்துரைத்தார். வாசகர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளும் உரிமையை மட்டுமே அவர் ஏற்றார். தொல்காப்பியர் கூறும் உள்ளுறையும் கருப்பொருளைத் தன் நிலத்தில் உயிரோடு நிற்கவிட்டே வேறு பொருளைத் தருவது. மாயக் கதையின் மோதிரமும் முதலில் மோதிரமாக இருந்தாக வேண்டும்.

இடையனின் மோதிரம்

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் ஒரு கதை கூறுகின்றான். லிடியா நாட்டு அரசனிடம் ஆடு மேய்த்த இடையன் ஒருவன். கைஜஸ் என்பானின் முன்னோன். பெருமழையும் நில அதிர்ச்சியும் நேர்ந்து நிலம் பிளக்க, அப்பிளவினுள் இறங்கிய அவன் உள்ளீடற்ற வெண்கலக் குதிரை ஒன்றைக் காண்கின்றான். அதனுள்ளே மனித அளவினும் பெரிதான ஒரு பிணம்; அதன் கையில் பொன் மோதிரம். அதனைக் கழற்றி அணிந்துகொண்டு, அரசனுக்குக் கணக்குக் கூறும் இடையர்களின் மாதக் கூட்டத்தில் வந்து அமர்கின்றான். மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்ளங்கைப் பக்கம் திருப்புகின்றான். அருகிலிருப்போர், அவன் எழுந்து போய்விட்டான் என்பது போலப் பேசலாயினர். முகப்பை வெளியே திருப்பினால் மீண்டும் தோன்றுகின்றான். இதனை உணர்ந்த இடையன் அரண்மனைக்குச் செல்லும் தூதுவருள் ஒருவனாகி, அரசியை வசப்படுத்தி, அவள் துணையோடு அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றுகின்றான்.

இதன்பின் கிளாக்கன் எழுப்பும் வினாவே முதன்மையானது. இத்தகைய மோதிரங்கள் இரண்டு இருப்பதாகவும், ஒன்றை நேர்மையாளனுக்கும் மற்றொன்றைத் தீயோனுக்கும் கொடுப்பதாகவும் கொள்வோம். இருவரும் ஒரே வழியில்தான் செல்வர் என்பது அவன் வாதம். காண்பார் இன்மையின் கள்வனாகாத மனிதன் இலன் என்பது இதன் சாரம். இதற்குச் சாக்ரடீஸ் தரும் விடை நூலின் பத்தாம் பகுதியில்தான் நிறைவடைகின்றது. மோதிரம் இருப்பினும் இல்லாவிடினும் நேர்மையே உயிருக்கு நலம் பயப்பது என்று அவர் முடிக்கின்றார்.

இலக்கிய மாணவர்க்கு இங்கு ஒரு குறை தோன்றும். அவ்விடையன் ஒரு பாத்திரம் அல்லன். வாதத்திற்காக நிறுத்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு. அவன் தயங்கினானா, இரவில் உறங்கினானா என்பதற்கெல்லாம் கதையில் இடமில்லை. அவனிடம் மறையாமல் எஞ்சியதும் ஒன்றுமில்லை; ஆடையோடும் அணியோடும் முழுமையாக மறைந்துவிடுகின்றான். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: அவனது ஆற்றல் உள்ளங்கையில் ஒளிக்கப்படுகின்றது. பின்வந்த கதைகளிலும் இந்தக் 'கை' வெவ்வேறு வடிவில் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

பனியில் நடந்த கிரிஃபின்

எச்.ஜி. வெல்ஸ் 1897ஆம் ஆண்டு வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்னும் புதினத்தில் மந்திரம் இல்லை, அறிவியல் உண்டு. அதன் தலைவன் கிரிஃபின், மருத்துவப் படிப்பை விடுத்து இயற்பியலுக்கு வந்தவன். பிறவியிலேயே நிறமி குன்றி வெண்ணிறமானவன். தன் ஆய்வுக்காகத் தந்தையிடமிருந்த பணத்தைத் திருடினான். அது தந்தைக்கு உரியதன்று, பிறருடையது. தந்தை தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். இந்நிகழ்ச்சியை அவன் பின்னாளில் வருத்தமேதுமின்றி எடுத்துரைப்பதே அவனது பாத்திரத்தை நமக்குக் காட்டிவிடுகின்றது. மறையும் முன்னரே அவன் மனிதரைக் காண்பதை நிறுத்திவிட்டவன்.

வெல்ஸின் பெருந்திறம் யாதெனில், மறைதலின் இடர்களை அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததே. உடல்தான் மறையும், ஆடை மறையாது. ஆகவே மறைந்து திரிய வேண்டுமாயின் அம்மணமாகத் திரிதல் வேண்டும். அதுவும் இலண்டனின் சனவரி மாதக் குளிரில்! உண்ட உணவு செரித்து உடலோடு கலக்கும் வரை பிறர் கண்ணுக்குத் தெரியும். பனி பெய்தால் உடலின் மேல் படிந்து உருவைக் காட்டிவிடும். சேற்றில் நடந்தால் காலடிச் சுவடு விழும். தெருச் சிறுவர் அச்சுவட்டைப் பின்தொடர்ந்து ஓடி வருகின்றனர். நாய்களோ மோப்பத்தால் அறிந்துகொள்கின்றன. குருடர் நகரில் கண்ணுடையான் ஒருவனைப் போல உலவலாம் என்று களித்தவன், சில மணி நேரத்தில் ஒரு போர்வைக்கும் ஒரு வாய்ச் சோற்றுக்கும் ஏங்கி நிற்கின்றான். விரும்பிய பொருளை எடுக்க மறைவு உதவுகின்றது. எடுத்ததை நுகர அதுவே தடையாகின்றது.

எனவே கிரிஃபினிடம் மறையாது எஞ்சுபவை பசியும் குளிரும் காலடியும். இவை யாவும் மனித உடலின் எளிய தேவைகள். பிறரோடு சேர்ந்து வாழ்வதனாலேயே நிறைவேறுபவை. அவற்றை இழிவெனக் கருதியவனை அவையே காட்டிக் கொடுக்கின்றன. துணிக்கட்டும் கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து ஐப்பிங் என்னும் சிற்றூரின் விடுதிக்கு அவன் வந்து சேர்வதே கதையின் தொடக்கம். மறையக் கற்ற மனிதன், தான் 'இருப்பதாக'க் காட்டிக்கொள்ள இவ்வளவு துணி சுற்ற வேண்டியுள்ளது! இந்தச் சிரிப்பை வெல்ஸ் கதை முழுதும் அடக்கி வைத்திருக்கின்றார். கொலையும் கொடுங்கோன்மைக் கனவும் வந்து சேரும் பிற்பகுதியில் சிரிப்பு உறைந்து போகின்றது.

இறுதியில் கூட்டம் அவனை அடித்துக் கொல்கின்றது. உயிர் பிரிந்தபின் உடல் மெல்ல மெல்லப் புலப்படத் தொடங்குகின்றது. அவ்வாறு முதலில் தோன்றுவது எது? கைதான். கண்ணாடியாலானது போல, நரம்பும் எலும்பும் தெரிய, தளர்ந்து கிடக்கும் ஒரு கை. அதனைக் கண்டு முதலில் அலறுபவள் ஒரு மூதாட்டி. பின்னர்தான் ஏறத்தாழ முப்பது அகவையுடைய ஒரு வெளிறிய மனிதனின் சிதைந்த உடல் முழுதாகத் தெரிகின்றது. இவ்விடத்தில் நம் வெறுப்பு, நாம் எதிர்பாராத வகையில், இரக்கமாக மாறுகின்றது. முகத்தை மூடுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கூவுகின்றார். மீண்டும் ஒருமுறை அவனை மறைக்க வேண்டியதாகின்றது; இம்முறை ஒரு விரிப்பினால்.

இரும்புக் கை

தமிழ் வாசகர்க்கு மிக நெருங்கிய மறைவுக் கதை, முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியே ஆகும். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய அவ்விதழின் முதல் வெளியீடே அவர் கதைதான். ஆங்கில மூலம் 1962ஆம் ஆண்டு அக்டோபரில் 'வேலியண்ட்' என்னும் இங்கிலாந்து வார இதழில் தொடங்கியது. தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் டாம் டல்லி. சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து நிற்கும் ஆசிரியப் பெருமக்கள் பலர் இக்கதையைச் சிறு வயதில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்தவர்களே, ஒப்புக்கொள்வோர் குறைவு.

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பாரிங்கரின் உதவியாளர் லூயிஸ் கிராண்டெல். விபத்தொன்றில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பெற்றவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் முழுதும் மறைகின்றது. இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. காற்றில் தனியே மிதந்து வரும் அந்தக் கையைப் பிளாஸ்கோ தீட்டிய முறை இன்றும் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஆடை மறையுமா என்னும் வெல்ஸின் கேள்வி இங்கு எழுப்பப்படுவதில்லை. சித்திரக் கதை அத்தகைய கேள்விகளைத் தாண்டிக் குதித்துவிடும். ஆனால் அது தனக்கெனப் புதியதோர் எல்லையை வகுத்துக்கொண்டது, அவ்வெல்லை கைதான்.

இக்குறியீட்டை ஆழ்ந்து நோக்குவோம். கை என்பது வினையின் உறுப்பு. 'அவன் கை பட்டது', 'இதில் யார் கை இருக்கின்றது' என்று நாம் வழக்கில் கூறுவதெல்லாம் செய்கையின் பொறுப்பையே. கிராண்டெலிடம் முகமும் பெயரும் மறைகின்றன. செய்யும் கை மறைவதில்லை. அதுவும் தசையாலான கையன்று. இழப்பின் இடத்தில் வந்து அமர்ந்த இரும்பு. அவரது ஆற்றலின் அடையாளமும் ஊனத்தின் அடையாளமும் ஒன்றே. தொடக்கக் கதைகளில் அவர் தீயவர். கிடைத்த ஆற்றலால் கொள்ளையில் இறங்குகின்றார். கிளாக்கன் வாதித்தவாறே நடக்கின்றது. பின்னரே மனம் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகின்றார். வில்லனாகத் தோன்றி நாயகனாக வளர்ந்த இம்மாற்றமே இப்பாத்திரத்தின் தனிச்சிறப்பு. பழைய குற்றத்தைச் செய்த கையும் இன்று உயிர் காக்கும் கையும் ஒரே இரும்பாக இருத்தலின், வாசகன் எதனையும் மறந்துவிட இயலாது. பிற்காலக் கதைகளில் விரலில் துப்பாக்கி முதலாகப் பல பொறிகள் அக்கையினுள் பொருத்தப்பட்டன. சிறுவர்க்கு அவை விருந்தாயினும், குறியீடு அவ்வளவில் மெலிந்து கை வெறும் கருவிப்பெட்டியாயிற்று என்பதே நம் மதிப்பீடு.

தமிழில் அவர்க்கு இடப்பெற்ற பெயரும் கருதத்தக்கது. மூலத்தில் 'எஃகு நகம்' என்னும் பொருள்படும் தலைப்பே உள்ளது. அதில் மறைதல் பற்றிய குறிப்பு இல்லை. தமிழ் கையையும் மாயத்தையும் ஒரு தொடரில் இணைத்தது. மாயாவி என்பதோ இராமாயணத்தில் வாலியோடு பகைத்துக் குகையினுள் ஓடி ஒளிந்த அசுரனின் பெயர். அசுரப் பெயரைத் தாங்கியவர் நாயகராகிவிட்ட இவ்வியப்பினைச் சிறுவராக இருந்தபோது நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பாத்திரத்தின் தொடக்கக் கேட்டையும் இப்பெயர் தன்னையறியாமலே சுமந்து நிற்கின்றது.

சாத்தனார் காட்டும் மறைவு

மாயாவியிலிருந்து மணிமேகலைக்குச் செல்வது சிலர்க்குத் துணுக்குறச் செய்யலாம். எனினும் தமிழில் மாய ஆற்றல் பெற்ற மனிதப் பாத்திரம் ஒன்றை முழுமையாகப் படைத்துக் காட்டியவர் சாத்தனாரே. மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கின்றது: வேற்றுரு எய்தல், வானத்தே இயங்குதல், பசியைப் போக்கல். இன்றைய சாகசக் கதை எழுதுவோர் பொறாமை கொள்ளத்தக்க பட்டியல் இது!

தன்னைப் பின்தொடரும் உதயகுமரனிடமிருந்து தப்ப, அவள் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கின்றாள். முழுதும் மறையவில்லை, வேறொருத்தியின் உருவினுள் மறைகின்றாள். காயசண்டிகையோ யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் அந்நகரில் அலைந்தவள். எவ்வளவு உண்டாலும் வயிறு நிறையாதவள். அவளது உருவில் அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்துள் மணிமேகலை சோறிடுகின்றாள். தன் வயிற்றை நிரப்ப இயலாதிருந்தவள் ஒரே பாத்திரத்தைக் கொண்டு ஊரார் பசியைத் தீர்ப்பதைக் கண்டு சிறைக் காவலர் வியந்து அரசனுக்கு அறிவிக்கின்றனர். முகம் மாறியும் அவளது ஈகை மறையவில்லை. கையிலிருந்த பாத்திரம் மறையவில்லை. தமிழில் கலத்தையும் கதைமாந்தரையும் 'பாத்திரம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். இவ்விடத்தில் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயினும் சாத்தனார் இம்மறைவைத் தூய நன்மையாகக் காட்டி விட்டுவிடவில்லை. காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவ்வுருவைத் தன் மனைவியெனவே நம்புகின்றான். அவள் தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனிடம் பேசுவதைக் கண்டு சினந்து, இரவில் ஒளிந்திருந்து அவனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். நல்லவள் நன்னோக்கத்தோடு மேற்கொண்ட மறைவு, ஒருவன் உயிரைக் குடித்துவிட்டது. கிளாக்கனின் வினாவில் இதற்கு இடமில்லை. மறைந்திருப்பவன் தீமை செய்வானா என்று மட்டுமே அவன் கேட்டான். மறைந்திருப்பவரைக் காண இயலாத பிறர் என்ன செய்துவிடக்கூடும் என்று அவன் கேட்கவில்லை.

போர்த்தியும் பொறித்தும்

இனி வேறு சிலரைச் சுருங்கக் காண்போம். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் பசராவின் ஹசன், சிறுவர் இருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த மறைவுத் தொப்பியை அவர்களை ஏமாற்றிப் பெற்றுக்கொண்டு, மனைவி மக்களை மீட்கச் செல்கின்றான். நோக்கம் தூயது, வந்த வழி தூயதன்று. இதுபற்றிக் கதை கவலைப்படுவதாகத் தெரியவில்லை. ரோலிங்கின் ஹாரி பாட்டர் கதையின் 1997ஆம் ஆண்டு முதல் நூலில் வரும் மறைவுப் போர்வையோ தந்தையின் உடைமையாக மகனுக்கு வந்து சேர்வது. மோதிரத்தை ஒருவனே அணிய இயலும்; போர்வையில் நண்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டு இறுதி நூலில் அதன் வரலாறு கூறப்படுகின்றது: மூன்றாம் சகோதரன் முதுமையில் அப்போர்வையைத் தானே களைந்து மகனிடம் அளித்துவிட்டு, மரணத்தை நண்பனைப் போல எதிர்கொள்கின்றான். களையத்தக்க மறைவு ஒன்று இக்கதை வரிசையில் இங்குத் தென்படுகின்றது.

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1961இல் படைத்த நால்வர் குழுவில் ஒரே பெண் சூ ஸ்டார்ம். ஆடவர் மூவருக்கும் நெருப்பும் பாறையும் நீளும் உடலும் வாய்க்க, பெண்ணுக்குக் கிடைத்த ஆற்றல் பிறர் கண்ணில் படாமல் போவது! அன்றைய இல்லங்களில் பெண்ணின் நிலை எத்தகையது என்பதற்கு இதனினும் கூர்மையான குறியீட்டை வேண்டியே தேடினாலும் காண்பதரிது. படைத்தோர் அவ்வாறு கருதிப் படைக்கவில்லை என்பதே நம் எண்ணம். 1964இல் அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அரண் எழுப்பும் ஆற்றலும் சேர்க்கப்பட்டது; 'மறையும் சிறுமி' என்னும் பெயர் 'மறையும் பெண்' என மாற 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லீ ஃபாக் 1936இல் படைத்த கானக முகமூடி வீரரின் மோதிரம் இவற்றிற்கு நேர்மாறானது. ஒரு கையில் மண்டையோட்டு மோதிரம். அது தீயோரின் தாடையில் அழியாத் தழும்பைப் பதிக்கும். மறுகை மோதிரத்தின் முத்திரை காவலைக் குறிக்கும். அணிந்தவனை மறைக்காமல், பட்டவனை ஊரறியச் செய்யும் மோதிரங்கள் இவை. முகத்தை மறைத்த ஒருவன் பிறர் முகத்தில் குறியிடும் உரிமையை எங்கிருந்து பெற்றான் என்று அக்கதைகள் வினவுவதில்லை. வினவியிருந்தால் பாத்திரம் இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

ஒரு மோதிரம், இருவர்

டோல்கீனின் மோதிரக் கதையை இறுதிக்கு வைத்தமைக்குக் காரணம் உண்டு. கிளாக்கன் இரண்டு மோதிரங்களைக் கற்பனை செய்து இரு மனிதர்க்குக் கொடுத்தான். டோல்கீன் ஒரே மோதிரத்தை அடுத்தடுத்து இருவர்க்குக் கொடுத்துப் பார்த்தார். பிளேட்டோவை எண்ணியே அவர் எழுதினார் என நிறுவுவது நம் நோக்கமன்று. இரு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தல் பயன் தரும் என்பதே நம் கூற்று.

முதலில் பெற்றவன் கோல்லம். மோதிரம் கண்டெடுக்கப்பட்ட அன்றே அதற்காகத் தன் நண்பனைக் கொன்றவன். பின்னர் மறைந்து நின்று ஊராரின் இரகசியங்களை ஒற்றறிந்து, உறவினரால் துரத்தப்பட்டு மலையடி இருளில் வாழ்பவன். அடுத்துப் பெற்றவன் பில்போ. 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' நூலின் முதற் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்ற கோல்லம் மோதிரத்தையே பரிசாகத் தர முன்வருகின்றான். அதனைக் காணாமையால் பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டி விடுகின்றான். மோதிரத்தின் கொடுமையைப் பெருங்கதையாக விரித்து எழுதியபின் இப்பகுதி பொருந்தாமற்போகவே, 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியர் அவ்வியலையே மாற்றி எழுதினார். மாயக் கதை எழுதுவோர் மனம் போனபடி எழுதுவர் என்று கருதும் நம் துறையினர் இத்திருத்தத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் படித்தல் நன்று.

திருத்திய பதிப்பில் வருவது இதுவே: கோல்லம் கொலைவெறியோடு சுரங்க வாயிலை மறித்து அமர்ந்திருக்கின்றான். பில்போ மோதிரம் அணிந்து மறைந்து நிற்கின்றான். கையில் வாள் உள்ளது. குத்திவிட்டுப் போய்விடலாம், காண்பார் எவருமில்லை, கேட்பாரும் இல்லை. அக்கணத்தில் கோல்லத்தின் ஒளியற்ற நெடுநாள் தனிமை பில்போவின் மனத்தில் தோன்றுகின்றது. வாளை வீசாமல் அவன் தலைக்கு மேலாகத் தாவி ஓடிவிடுகின்றான். அன்று பில்போவின் கையைத் தடுத்தது இரக்கமே என்று பின்னாளில் கந்தால்ஃப் பிராடோவுக்கு எடுத்துரைக்கின்றான். மீண்டும் கை! கிரிஃபினிடமும் கிராண்டெலிடமும் செய்த கை மறையாது நின்றது. இங்குச் செய்யாது நின்ற கை குறியீடாகின்றது.

1954-55இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெருங்கதையில் மறைவின் பொருளும் தலைகீழாகின்றது. மோதிரம் அணிந்தவன் மனிதர் கண்ணுக்கு மறைகின்றான். ஆனால் தீமையின் கண்ணுக்கு முன்னிலும் தெளிவாகத் தெரிகின்றான். மலையுச்சியில் பிராடோ மோதிரத்தை அணிந்தவுடன், கருநிழலாக மட்டும் தெரிந்த பகைவரின் வெளிறிய முகங்கள் அவனுக்குத் தெரிகின்றன. அவனும் அவர்களுக்குத் தெரிகின்றான். அப்பகைவரும் ஒருகாலத்தில் மோதிரம் பெற்ற மனித மன்னர்களே. அணிந்து அணிந்து, கழற்றினாலும் மீளாத நிழலாகத் தேய்ந்தவர்கள். தோட்டக்காரனாகிய சாமுக்கும் மோதிரம் கனவொன்றைக் காட்டுகின்றது; பாழ்நிலம் முழுவதையும் சோலையாக்கும் பெருந்தலைவன் நீ என்கின்றது. தனக்கு ஒரு சிறு தோட்டம் போதும் என்று அவன் தெளிகின்றான். டாம் பாம்படில் அணிந்தபோது மறையவே இல்லை. ஆனால் அத்தகையவனிடம் மோதிரத்தை ஒப்படைத்தால் அவன் மறந்து எங்கேனும் போட்டுவிடுவான் என்று சான்றோர் அவை மறுத்துவிடுகின்றது. பற்றற்றவன் காவலனாக மாட்டான் என்னும் இந்நுட்பம் தனிக் கட்டுரைக்கு உரியது.

எரிமலையின் விளிம்பில் நிகழ்வதை வாசகர் பலரும் அறிவர். இத்தனை துன்பத்தையும் தாங்கி வந்த பிராடோ, கடைசிக் கணத்தில் மோதிரத்தை எறிய மறுத்து, அது தனதே என்று கூறி அணிந்து மறைகின்றான். எவ்வளவு உறுதியானவனும் நிலைகுலைவான் என்ற கிளாக்கனின் கூற்று இங்கு மெய்யாகிவிடுகின்றது. நேர்மையாளனின் உறுதி மட்டுமே காப்பதாயின் கதை இங்கேயே தோல்வியில் முடிந்திருக்கும். ஆனால் கோல்லம் அங்கு இருக்கின்றான். கண்ணுக்குத் தெரியாத பிராடோவோடு போராடி, மோதிரம் அணிந்த விரலைக் கடித்தெடுத்து, களிப்பில் கால் தவறி அதனோடு நெருப்பில் வீழ்கின்றான். மாயாவிக்கு உடல் மறைந்து கை எஞ்சியது. பிராடோவுக்கு உடல் மீண்டது, கையில் ஒரு விரல் மீளவில்லை.

கோல்லம் அங்கு உயிரோடு இருந்தமைக்குக் காரணம் பல ஆண்டுகட்கு முன் இருட்டில் வீசப்படாத அந்த வாள். பின்னர் பிராடோவும் சாமும் அவனைக் கொல்லாது விட்டதும் உண்டு. ஆனால் அவற்றிற்குச் சாட்சிகள் இருந்தனர். பில்போ இரங்கியபொழுது அதனைக் கண்டவர் எவருமிலர். எதிரில் அமர்ந்திருந்த கோல்லமும் காணவில்லை.